பாடம் வந்து சேரும், திருத்திய ஒப்படை வருமா? மட்டக்களப்பு, அம்பாறையில் தொலைக்கல்வி

கிழக்கிலங்கையின் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தொலைக்கல்வி வேரூன்றியதற்கு முதற் காரணம் ஆசிரியர் தட்டுப்பாடு. இணையமெல்லாம் பிறகு வந்த விருந்தாளி. போர் நடந்த ஆண்டுகளில் வாகரை, வெல்லாவெளி, திருக்கோவில், பொத்துவில் பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றைத் தாங்கிப் பிடித்தவர்கள் தொண்டர் ஆசிரியர்களும், பயிற்சி பெறாமலே நியமனம் பெற்றவர்களும்தான். அவர்களை வகுப்பறையிலிருந்து இறக்கி மட்டக்களப்புக்கோ அட்டாளைச்சேனைக்கோ ஆசிரியர் கலாசாலைக்கு முழுநேரமாக அனுப்பினால் பாடசாலையை யார் நடத்துவது? படிப்பித்துக்கொண்டே படிக்கிற வழி ஒன்று வேண்டியிருந்தது. தேசிய கல்வி நிறுவகத்தின் தொலைக்கல்விப் பயிற்சியும், திறந்த பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் அந்த இடத்தில்தான் நுழைந்தன. இன்றைக்கும் இரண்டு மாவட்டங்களிலும் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்களைப் பார்த்தால், நடுவில் இருப்பது ஆசிரியர் கூட்டமே. பட்டதாரியாக ஆசிரியர் சேவைக்குள் வந்தவருக்கு அந்த டிப்ளோமா இல்லாவிட்டால் பதவி உயர்வு தடைப்படும். ஆசையைவிட அந்த நெருக்கடி வலியது.

இந்தத் தீவுக்குத் தூரத்துப் பட்டம் புதிதும் அல்ல. லண்டன் பல்கலைக்கழகம் 1858 இலேயே வெளிவாரிப் பட்டத்துக்கு, அதாவது வெளியிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதிப் பெறும் பட்டத்துக்கு, வாசலைத் திறந்துவிட்டது. 1921 இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறக்கும் வரை தன் மாணவர்களை லண்டன் வெளிவாரிப் பரீட்சைக்குத்தான் ஆயத்தப்படுத்தியது. இன்று “வெளிவாரிதானே” என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் கும்பிடுகிற அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களில் பலர் வெளிவாரிகளே. பிறகு 1976 இல் கல்வி அமைச்சின் கீழ் ஒரு தொலைக்கல்வி நிறுவகம் வந்தது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் திறந்த பல்கலைக்கழகம் உருவாகி, 1980 இல் கொழும்புக்கு அருகே நாவலையில் இயங்கத் தொடங்கியது. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் முதல் மாணவர்களைச் சேர்த்தது 1971 இல். இலங்கை அதிகம் பிந்திவிடவில்லை.

இதற்குப் பின்னால் இன்னொரு அழுத்தமும் ஓயாமல் இருக்கிறது. க.பொ.த. உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறவர்களில் அரச பல்கலைக்கழகத்துக்குள் உள்வாரியாக நுழைவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர்தான். வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவிலின் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995, 96 இல் உருவாயிற்று. கண் முன்னே இரண்டு பல்கலைக்கழகங்கள் இருந்தும், வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்ட பிள்ளைக்கு மதில் மதில்தான். அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதி வெளிநாட்டு வேலைக்குப் போகிறது, ஒரு பகுதி தொலைக்கல்விப் பதிவுப் படிவத்தை நிரப்புகிறது.

ஒரே பெயரில் மூன்று வேறு படிப்பு

நம்மூரில் “தபால்ல படிக்கிறன்”, “வெளிவாரி செய்யிறன்”, “ஒன்லைன்ல படிக்கிறன்” என்று மூன்றையும் ஒன்றாகவே பேசுகிறோம். சேர முன்னர் இவற்றைப் பிரித்துப் பார்க்காததுதான் பாதிப் பேரின் சிக்கல்.

வெளிவாரிப் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் வேலை பெரும்பாலும் பதிவு, பாடத்திட்டம், பரீட்சை என்ற அளவோடு முடிந்துவிடும். படிப்பிப்பது உங்கள் பாடு. அந்த வெற்றிடத்தைத்தான் கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் உள்ள ரியூட்டரிகள் நிரப்பின. ஒரு விரிவுரையாளர், அறுபது எழுபது பேர், போட்டோக்கொப்பி குறிப்பு. அந்தக் குறிப்பையே மனப்பாடம் செய்து, கடைசி ஐந்து வருட வினாத்தாளை வைத்து ஊகம் போட்டு எழுதுவது வழக்கமாயிற்று. பதிந்தவர் தொகைக்கும் முடித்தவர் தொகைக்கும் இடையில் பெரிய பள்ளம் விழுந்ததும் அதனால்தான். 2010 இல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளிவாரிப் பட்டங்களுக்குப் புதிய வழிகாட்டல்களை விதித்தது. இன்று கிழக்குப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் வெளிவாரிக் கற்கைகளுக்கென்று தனி நிலையங்களை வைத்திருக்கின்றன.

திறந்த பல்கலைக்கழக முறை வேறு. அச்சிட்ட மொடியூல், அதாவது தானே படிக்கும்படி எழுதிய பாடநூல், கையில் தரப்படும். அது விரிவுரையாளர் முன்னால் நின்று பேசுகிற மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டும்: இந்த அமர்வின் நோக்கம் இது, இந்த இடத்தில் நிறுத்தி இந்தக் கேள்விக்கு விடை எழுது, விடை கடைசிப் பக்கத்தில். அதோடு ஒப்படைகள் (வீட்டில் எழுதித் திருத்தத்துக்கு அனுப்பும் விடைகள்), தொடர் மதிப்பீட்டுச் சோதனைகள், மாணவர் வாயில் “டே ஸ்கூல்” என்று வழங்குகிற நேரடி வகுப்புகள், பிறகு இறுதிப் பரீட்சை. மட்டக்களப்பு நிலையம் இருப்பதால் கிழக்கு மாணவர் எல்லாவற்றுக்கும் நாவலைக்கு ஓட வேண்டியதில்லை.

மூன்றாவது, 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர் வந்தது. விரிவுரையைத் திரைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அதை அவசரகாலக் கற்பித்தல் என்றுதான் சொல்ல வேண்டும். தொலைக்கல்விக்கென்று எழுதிய பாடம் அதில் இல்லை, திருத்துவதற்கு ஆள் இல்லை, மாணவர் எங்கே பின்தங்குகிறார் என்று பார்க்கும் பொறிமுறையும் இல்லை. அந்த அனுபவத்தை வைத்து “தொலைக்கல்வி சரிவராது” என்று தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல. ஆனால் அது ஒரு பழக்கத்தை விட்டுப் போயிற்று. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கிற பெயர்பெற்ற உயர்தர ஆசிரியரின் வகுப்பில் களுவாஞ்சிக்குடிப் பிள்ளை வீட்டிலிருந்தே சேருகிறது. அதுவும் தொலைக்கல்வியின் வளர்ச்சிதான், எந்த அமைச்சும் திட்டமிடாத வளர்ச்சி.

மணித்தியாலக் கணக்கு

தொலைக்கல்வியில் தோற்பவர்களில் பெரும்பாலோர் பாடம் விளங்காமல் தோற்பதில்லை. பதியும்போதே நேரக் கணக்கு பிழைத்துவிடுகிறது.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைப்புள்ளி, அதாவது ஒரு கிரெடிட், 50 மணித்தியாலக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைத் தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு முழு வருடச் சுமை 30 கிரெடிட். அப்படியென்றால் 1,500 மணித்தியாலம். வருடத்தில் 48 வாரம் படிக்க முடியும் என்று வைத்தால் கூட வாரத்துக்கு 31 மணித்தியாலம் வேண்டும்.

இப்போது ஏறாவூரில் இருக்கும் ஒரு ஆசிரியையின் வாரத்தைப் பாருங்கள். பாடசாலை விட்டு வீடு வர இரண்டு மணியாகும். சமையல், பிள்ளைகள், அவர்களின் ரியூசன் எல்லாம் போக, கிழமை நாளில் உண்மையாகக் கிடைப்பது இரண்டு மணித்தியாலம். ஐந்து நாளுக்குப் பத்து. சனி, ஞாயிறில் ஐந்து ஐந்தாகப் பத்து. மொத்தம் 20. 48 வாரத்துக்கு 960 மணித்தியாலம், அதை 50 ஆல் பிரித்தால் 19 கிரெடிட். இந்த ஆசிரியை ஒரே வருடத்தில் 30 கிரெடிட்டுக்குப் பதிந்தால், மூன்றாம் நான்காம் மாதத்தில் ஒப்படைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அப்போது அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ, பாடசாலையில் விளையாட்டுப் போட்டி என்றோ காரணம் சொல்வார். காரணம் உண்மைதான், ஆனால் தோல்வி அதற்கு முன்பே பதிவுப் படிவத்தில் எழுதப்பட்டுவிட்டது.

பொதுப் பட்டத்துக்குக் குறைந்தது 90 கிரெடிட், சிறப்புப் பட்டத்துக்கு 120. வருடம் 18, 19 என்று போனால் பொதுப் பட்டத்துக்கு ஐந்து வருடம். மூன்று வருடத்தில் முடிக்கலாம் என்று விளம்பரம் சொல்லும். வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு ஐந்துதான் நேர்மையான எண். பாடங்களைத் தெரிவு செய்ய இடமில்லாத, சுமை கட்டிவைத்த கற்கைகளும் உண்டு, பட்டப்பின் கல்வி டிப்ளோமா அப்படித்தான். அதில் சேருகிறவர் அந்த ஒரு வருடத்துக்கு வேறு எந்தப் பாரத்தையும் தலையில் ஏற்றக் கூடாது. வீடு கட்டத் தொடங்குவது, மேலதிக ரியூசன் வகுப்பு எடுப்பது எல்லாம் ஒரு வருடம் பொறுக்கும்.

பணமும் இந்தக் கணக்கோடு ஒட்டியது. தோற்ற பாடத்துக்கு மறுபதிவு என்றால் மறுபடி கட்டணம். ஆகவே குறைவாகப் பதிந்து முழுவதையும் சித்தியடைவதுதான் மலிவு.

ஒப்படை போகும் வழி, வரும் வழி

இந்த முறையின் உயிர் ஒப்படையில் இருக்கிறது. விரிவுரை நேரே கிடைக்காதவருக்கு ஆசிரியர் பேசுகிற ஒரே இடம், திருத்திய ஒப்படையின் ஓரத்தில் எழுதிய இரண்டு வரி. “இந்த உதாரணம் வினாவுக்குப் பொருந்தவில்லை”, “வரைவிலக்கணம் சரி, பிரயோகம் எங்கே?” என்பன போன்ற குறிப்புகளுக்கு அரை மணி விரிவுரையின் பெறுமதி உண்டு. அந்த வரிகள் அடுத்த ஒப்படைக்கு முன் வந்து சேர்ந்தால் பிழை ஒருமுறையோடு நிற்கும். இரண்டாம் ஒப்படை போன பிறகுதான் முதலாவது திரும்பி வருகிறது என்றால், அதே பிழை இரண்டு தரம், சிலவேளை மூன்று தரம் எழுதப்பட்டுவிடும். பாடத்தை அனுப்புவது இன்று மலிவு. திருத்துகிற மனிதர்தான் செலவு. அதனால் எந்த நிறுவனமும் முதலில் கைவைப்பது அங்கேதான். பீடிஎஃப் கோப்புகளை அள்ளித் தந்துவிட்டு ஒப்படையை வெறும் புள்ளியோடு திருப்பித் தருகிற கற்கையை, எவ்வளவு நவீனமான இணையத்தளம் இருந்தாலும், நல்ல தொலைக்கல்வி என்று சொல்ல முடியாது.

மதிப்பீட்டு விதியையும் முதல் நாளே வாசிக்க வேண்டும். திறந்த பல்கலைக்கழகத்தின் பல பாடங்களில் தொடர் மதிப்பீட்டில் 40 புள்ளி இல்லாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு அனுமதி இல்லை. பீடத்துக்குப் பீடம் நுணுக்கம் மாறும். சம நிறையுள்ள நான்கு மதிப்பீடு இருக்கிறது என்று வைப்போம். முதல் இரண்டையும் தவறவிட்டவர் 40 சராசரிக்கு மிச்ச இரண்டிலும் 80, 80 எடுக்க வேண்டும். முதலாவதை ஒழுங்காக எழுதி 55 எடுத்தவருக்கு மிச்ச மூன்றிலும் 35 போதும். முதல் ஒப்படை அரைகுறையாக இருந்தாலும் போட்டே தீர வேண்டும் என்பது இதனால்தான்.

ஒப்படைகள் இப்போது பெரும்பாலும் மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தின் வழியாகப் போகின்றன. அங்கே நடக்கிற பிழைகள் ஒரே மாதிரியானவை. கையால் எழுதிய பத்துப் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து அப்படியே ஏற்றப் பார்ப்பார்கள். ஒரு படம் 3, 4 எம்பி, பத்துப் பக்கம் 30 எம்பியைத் தாண்டும், தளம் ஏற்காது. ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையாக எடுத்து ஒரே பீடிஎஃப் ஆக்கினால் முழு ஒப்படையும் 2 எம்பிக்குள் அடங்கும். இன்னொன்று: கோப்பை ஏற்றிவிட்டு அத்தோடு வெளியே வந்துவிடுவது. சில ஒப்படைகளில் ஏற்றிய கோப்பு ‘ட்ராஃப்ட்’ ஆகவே கிடக்கும், சமர்ப்பிக்கும் பொத்தானைத் தனியாக அழுத்தி, உறுதிப்படுத்தும் பெட்டியையும் தட்ட வேண்டும். பக்கத்தில் ‘சப்மிட்டட் ஃபோர் கிரேடிங்’ என்று வந்தால்தான் வேலை முடிந்தது. அந்தத் திரையை ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைப்பது நல்லது. கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் ஏற்றும்போது தளம் திணறும். ஒரு நாள் முந்திப் போடுவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

திருத்தம் பிந்துகிறது என்றால் மாணவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரே பாடத்தில் இருக்கும் ஐந்தாறு பேர் சேர்ந்து, தங்கள் விடைகளை மாற்றி மாற்றி வாசிப்பது. வட்ஸ்அப் குழு என்றால் இருநூறு பேர், வாழ்த்துப் படங்கள், “ஒப்படை யாரும் செஞ்சா போடுங்க” என்ற கெஞ்சல். அது உதவாது. ஐந்து பேர், வாரம் ஒரு வினா, ஞாயிறு இரவு ஒருவர் விடையை மற்றவர் குறிப்பிட்டுத் திருப்புதல் என்றால் உதவும். ஒருவர் செய்த ஒப்படையை எல்லாரும் பார்த்தெழுதினால் புள்ளி வரலாம், ஆனால் இறுதிப் பரீட்சையில் மூன்று மணித்தியாலத்தில் ஐந்து வினா, ஒன்றுக்கு 36 நிமிடம் என்று உட்காரும்போது கை ஓடாது. பல வருடம் தட்டச்சிலேயே வாழ்ந்தவருக்குக் கையெழுத்து வேகமும் போயிருக்கும். பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதம் வாரத்துக்கு ஒரு விடையாவது மணிக்கூட்டை வைத்து எழுதிப் பார்ப்பது அவசியம்.

வாவி, மாரி, யானை

கொழும்பில் எழுதிய கால அட்டவணை இங்கே அப்படியே செல்லுபடியாகாது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து எழுவான்கரைக்கு வர படகுப்பாதையை நம்ப வேண்டும், அல்லது சுற்ற வேண்டும். பாலம் வந்த பிறகு சனிக்கிழமை வகுப்புக்கு வருவது எளிதாயிற்று. ஆனால் மாலை வகுப்பு என்றால் இன்றும் கதை வேறு. உன்னிச்சை, வெல்லாவெளி, கிரான் பகுதிகளின் உட்கிராமங்களில் பொழுது பட்டால் யானை இறங்கும். சிக்னல் நன்றாகக் கிடைக்கிற சந்திக்கு இரவு ஏழு மணிக்குப் போய் வகுப்பில் சேர் என்று ஒரு பெண் பிள்ளையிடம் சொல்ல முடியாது. அதனால் ஒளிப்பதிவு கட்டாயம் வேண்டும், அதுவும் பதிவிறக்கிப் பார்க்கக்கூடிய சிறிய கோப்பாக.

தெற்கே பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு நகர் 100 கிலோமீற்றருக்கு மேல். சனிக்கிழமை நேரடி வகுப்புக்கு விடிய முன்னரே பஸ் ஏற வேண்டும். கார்த்திகை, மார்கழி மாரியில் தாழ்ந்த வீதிகள் நீரில் மூழ்கும். காரைதீவுக்கும் அம்பாறைக்கும் இடையில் மாவடிப்பள்ளிப் பக்கம் எப்படியிருக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். 2011 ஜனவரி வெள்ளத்தில் இரண்டு மாவட்டமும் வாரக்கணக்கில் முடங்கின. ஒப்படைக் கெடுவையும் சோதனையையும் மார்கழி நடுவில் வைப்பது கிழக்குக்கு ஒத்துவராது. பெப்ரவரி, மார்ச் பெரும்போக வெட்டுக் காலம். வெள்ளாமைக்காரக் குடும்பத்து மாணவர் அந்த நாட்களில் புத்தகத்தைத் தொடுவது அபூர்வம். கல்முனை தொட்டு அக்கரைப்பற்று வரையான முஸ்லிம் ஊர்களில் நோன்பு மாதம் வந்தால் மாலை ஏழு மணி வகுப்பு நோன்பு திறந்த களைப்புக்கும் தராவீஹ் தொழுகைக்கும் நடுவில் போய் மாட்டும். காலை ஐந்தரைக்கு, சஹர் முடிந்த கையோடு வைத்தால் வருவார்கள். இதையெல்லாம் தலைமையகம் தானாக அறியாது. நிலையத்தில் இருக்கிற இணைப்பாளர் எழுதிக் கேட்க வேண்டும், மாணவர்களும் கூட்டாகக் கோரிக்கை கொடுக்க வேண்டும். பாடத்தின் தொடக்கத்திலேயே கேட்டால் திகதி மாறும். கெடுவுக்கு முதல் நாள் கேட்டால் மாறாது.

டேட்டாக் கணக்கும் சொல்ல வேண்டியது. எல்லாருடைய முகமும் தெரிகிற சூம் வகுப்பு மணித்தியாலத்துக்கு அரை ஜீபி முதல் ஒரு ஜீபி வரை தின்னும். வாரம் மூன்று வகுப்பு, இரண்டிரண்டு மணித்தியாலம் என்றால் மாதம் 24 மணித்தியாலம், 12 முதல் 24 ஜீபி. எல்லாருடைய கமராவையும் நிறுத்தி, குரலும் ஸ்லைட்டும் மட்டும் என்றால் மணித்தியாலத்துக்கு 50, 60 எம்பிதான்; மாதம் ஒன்றரை ஜீபிக்குள் அடங்கும். விரிவுரையாளர் முகத்தைப் பார்த்து யாரும் சித்தியடைவதில்லை, கமராவை நிறுத்தலாம். 2020 இல் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் ஊடாகப் பல்கலைக்கழக மாணவருக்குச் சூமும் கற்றல் தளங்களும் இலவச டேட்டாவில் கிடைத்தபோது வருகை வீதம் உயர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் கணினி உள்ள வீடு ஏறத்தாழ 22 வீதம்தான். மிச்சப் பேர் படித்ததும் ஒப்படை எழுதியதும் கைபேசியில். இரண்டாயிரம் சொல் ஒப்படையைக் கைபேசியில் தட்டுவதைவிடக் கையால் எழுதி ஸ்கேன் பண்ணுவது விரைவு. அதை ஏற்றுக்கொள்கிற விரிவுரையாளர் மாணவரின் நிலையை அறிந்தவர். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்களில் அச்சிட்ட மொடியூல் வைத்திருந்தவர்கள் விளக்கு வெளிச்சத்திலாவது படித்தார்கள். அச்சுப் புத்தகத்தை நிறுத்தி எல்லாவற்றையும் திரைக்கு மாற்றினால் செலவு மிச்சம் என்கிற யோசனைக்கு இந்த மாவட்டங்களின் பதில் அதுதான்.

தமிழ் மொழிமூலம்

கலை, சமூக விஞ்ஞானம், கல்வி, சட்டம், முன்பள்ளிக் கல்வி ஆகிய துறைகளில் தமிழில் படிக்க வழி உண்டு. விஞ்ஞானப் பட்டம், பொறியியல் தொழில்நுட்பம், தாதியியல் என்று போனால் ஆங்கிலம்தான். உயர்தரம் வரை தமிழிலேயே படித்த பிள்ளைக்கு அங்கே முதல் வருடம் இரட்டைச் சுமை. 50 மணித்தியாலப் பாடத்துக்கு 70 மணித்தியாலம் ஒதுக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு பதிவது பாதுகாப்பு.

தமிழ் மொடியூல்களில் பல ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதி மொழிபெயர்க்கப்பட்டவை. ஒரே புத்தகத்தின் அலகுகளைப் பலர் பிரித்து மொழிபெயர்த்திருந்தால் ஒரே கருத்துக்கு மூன்று பெயர் வந்துவிடும். மாணவர் அதை மூன்று கருத்தாக எண்ணிக் குழம்புவார். யூடியூபில் தமிழ்நாட்டு விளக்கங்களைத் தேடுகிறவருக்கு இன்னொரு தொல்லை: இங்கே ‘இழையம்’ என்பது அங்கே ‘திசு’, இங்கே ‘கலம்’ அங்கே ‘செல்’. விளங்கிக்கொள்ள அந்தக் காணொளி நல்லது, விடைத்தாளில் நம் பாடநூலின் சொல்லையே எழுத வேண்டும்.

பலன் உண்டா

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? கனடாவின் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர் குழு ஒன்று 1985 முதல் 2002 வரை வெளியான 232 ஆய்வுகளை ஒன்றாக்கி 2004 இல் ஒப்பிட்டது. வகுப்பறைக்கும் தொலைக்கல்விக்கும் சராசரியில் வேறுபாடு ஏறத்தாழ இல்லை. ஆனால் அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருந்த விரிவு மிகப் பெரியது: சில தொலைக்கல்விப் பாடங்கள் வகுப்பறையை வெகுவாக மிஞ்சின, சில வெகுவாகத் தோற்றன. ஐக்கிய அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் 2009 தொகுப்பு, நேரடி வகுப்பும் இணையமும் கலந்த முறை தனி வகுப்பறையைவிடச் சற்று மேல் என்று கண்டது. கூடவே, அந்த மாணவர்கள் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் பெற்றிருந்ததைச் சுட்டி எச்சரித்தது. மறுபக்கம், ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இலவச இணையப் பாடங்களில் 2017–18 இல் சேர்ந்தவர்களில் முடித்தவர் சுமார் 3 வீதமே. சான்றிதழுக்குப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் அந்த எண் 46 வீதம்.

இதை நம்மூருக்குப் பெயர்த்தால், தொலைக்கல்வி நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தில் நேரம் போக்கத் தேவையில்லை. எந்தப் பாடம், யார் திருத்துகிறார், மாதம் எத்தனை நேரடி வகுப்பு, சேருகிறவருக்கு முடிக்க என்ன கட்டாயம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஆசிரியர்களுக்கான டிப்ளோமா இங்கே நன்றாக நடப்பதற்கு இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அதனிடம் பதில் இருப்பதே காரணம். படித்ததை மறுநாளே தன் வகுப்பறையில் செய்து பார்க்கலாம், கற்பித்தல் பயிற்சியை ஒருவர் நேரில் வந்து பார்க்கிறார், முடித்தால் சம்பளப் படிநிலை மாறுகிறது. முன்பள்ளி ஆசிரியைகளின் சான்றிதழ்க் கற்கையும் அப்படியே. திருமணத்துக்குப் பின் படிப்பு நின்றுபோன பெண்கள் பலர் அதன் வழியாகத்தான் மறுபடி பரீட்சை மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். அவர்களை வெளியூர் விடுதிக்கு அனுப்பச் சம்மதிக்காத குடும்பங்கள் கூட மட்டக்களப்பு நிலையத்துக்குச் சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகின்றன.

சரிவராத இடமும் தெரிந்ததே. செய்முறை அதிகமான பாடங்கள். பொறியியல் தொழில்நுட்பத்தின் ஆய்வுகூட வேலைகள் பெரும்பாலும் நாவலையில்; 300 கிலோமீற்றருக்கு மேல் இரவு ரயிலில் போய், கொழும்பில் தங்கி, விடுமுறை எடுத்துச் செய்ய வேண்டும். கட்டணப் பட்டியலில் இல்லாத இந்தச் செலவு சிலவேளை கட்டணத்தையே மிஞ்சும். உயர்தரம் முடித்த கையோடு, யாரும் தட்டி எழுப்பாமல் படித்துப் பழகாத பதினெட்டு பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கும் இது கடினம். அந்த வயதில் சேருகிறவருக்கு முதல் வருடம் இரண்டு மூன்று பாடமே போதும். மிச்ச நேரத்துக்கு ஒரு வேலையோ தொழிற்பயிற்சியோ இருந்தால் நல்லது.

பதிய முன்

திறந்த பல்கலைக்கழகப் பட்டமும் அரச பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பட்டமும் அரச நியமனத்துக்குச் செல்லும். சிக்கல் தனியார் நிறுவனங்கள் விற்கிற வெளிநாட்டுப் பட்டங்களில். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, “யூகே டிகிரி, 12 மாதம், வீட்டிலிருந்தே” என்ற பதாகை. பதாகையில் உள்ள பல்கலைக்கழகத்தின் பெயர் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டேட்டிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் மானியங்கள் ஆணைக்குழு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை ஏற்க அந்தப் பட்டியல்களைத்தான் பார்க்கிறது. சந்தேகமென்றால் ஆணைக்குழுவுக்கே எழுதிக் கேட்கலாம், எழுத்தில் பதில் வாங்கலாம். பட்டத்தை வழங்குவது அந்தப் பல்கலைக்கழகமா அல்லது அதன் பெயரைப் போட்டுக்கொண்ட இடைநிறுவனமா என்பது இரண்டாவது கேள்வி. இந்தியப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் பட்டம் என்றால் நீங்கள் சேருகிற கல்வியாண்டுக்கு அந்த நாட்டு ஆணைக்குழுவின் அனுமதி இருக்கிறதா, இந்தியாவுக்கு வெளியே நடத்த அனுமதி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். போன வருடம் இருந்த அங்கீகாரம் இந்த வருடம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இவையெல்லாம் சரியென்றாலும் பணம் கட்டுமுன் அதே கற்கையை முந்திய அணியில் செய்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருடைய திருத்திய ஒப்படை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்தத் திகதியில் கொடுத்தது, எந்தத் திகதியில் திரும்பி வந்தது என்று பாருங்கள். கையேட்டில் இல்லாத விவரம் அந்த ஒரு தாளில் கிடைக்கும்.